இட்சுலியா 2024: ஒலாயெட்டா இறக்கத்தில் நின்றுபோன பந்தயம் – ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஏப்ரல் 4 அன்று, ஸ்பெயினின் வடக்கிலுள்ள பாஸ்க் நாட்டின் பல கட்டச் சாலைச் சைக்கிள் பந்தயமான இட்சுலியாவின் நான்காம் கட்டத்தில் ஒரு பெரிய விபத்து நடந்தது. முடிவுக்கோட்டுக்கு ஏறக்குறைய 35 கிலோமீட்டர் இருந்தபோது, ஒலாயெட்டாவிலிருந்து இறங்கும் சாலையின் ஒரு வலது வளைவில் ஒரு டஜன் அளவுக்கு வீரர்கள் விழுந்தார்கள். பந்தயம் நிறுத்தப்பட்டது. அடுத்த சில நிமிடங்களில் நடுவர்களும் பந்தய இயக்குநரும் எடுத்த முடிவுகள், அவற்றுக்கான காரணங்கள், பிறகு நடந்தவை ஆகியவற்றை இந்த ஆய்வு வரிசையாகப் பதிவு செய்கிறது.

விபத்தில் சிக்கியவர்களின் பெயர்களை இங்கே சொல்லவில்லை. இந்த விளையாட்டைப் பின்தொடர்பவர்களுக்கு அவர்கள் யார் என்று தெரிந்திருக்கும். பெயர் வந்துவிட்டால் பேச்சு நட்சத்திரங்களைச் சுற்றியே போய்விடும். அன்று விழுந்தவர்களில் பாதிப் பேரைப் பற்றி அதனால்தான் யாரும் அதிகம் பேசவில்லை. பழைய வரலாற்றைச் சொல்லும் இடத்தில் மட்டும் பெயர்கள் வருகின்றன.

பின்னணி: பந்தயமும் அதன் சாலைகளும்

இந்தப் பந்தயம் முதலில் நடந்தது 1924-இல். பிரான்சின் ஃபிரான்சிஸ் பெலிசியே வென்றார். 1930 வரை நடந்து நின்றது. 1935-இல் ஒரே ஒருமுறை திரும்ப வந்தபோது இளம் இத்தாலியரான ஜீனோ பர்த்தாலி வென்றார். மறு ஆண்டு ஸ்பானிய உள்நாட்டுப் போர் தொடங்கியது. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பந்தயம் இல்லை. 1969-இல் மீண்டும் தொடங்கியபோது, டூர் டி பிரான்சை ஐந்து முறை வென்றிருந்த ஜாக் ஆங்கெத்தீல் வெற்றி பெற்றார். அதிகமுறை வென்றவர்கள் இருவர்: 1970-களில் ஹோசே அந்தோனியோ கொன்சாலெஸ் லினாரெஸ், பிற்காலத்தில் அல்பெர்தோ கொந்தாதோர். இருவருக்கும் தலா நான்கு வெற்றிகள். வென்றவர் தலையில் மேடையில் வைக்கப்படுவது சாபெலா என்னும் பெரிய பாஸ்க் தொப்பி.

இந்தப் பகுதியில் சைக்கிள் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்குத் தொழில் ஒரு காரணம். எய்பார் நகரம் துப்பாக்கி செய்த ஊர். அங்கே துப்பாக்கி செய்த ஓர்பெயா, பி.ஹெச். போன்ற நிறுவனங்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சைக்கிள் பக்கம் திரும்பின. குழாயைத் துளைத்து இழைத்துப் பழகிய கைகளுக்குச் சட்டகம் செய்வது பெரிய மாற்றமாக இருந்திருக்காது. எய்பாருக்கு மேலே இருக்கும் அர்ராத்தே ஏற்றம் இன்றும் பந்தயத்தின் அடையாளங்களில் ஒன்று.

2005-இல் சர்வதேச சைக்கிள் சங்கம் உயர்நிலைப் பந்தயங்களைப் புரோடூர் என்று ஒருங்கிணைத்தபோது இந்தப் பந்தயமும் அதில் சேர்ந்தது. அந்த நிலையில் இருப்பதற்குப் பணம் வேண்டும், ஆள் வேண்டும். ஒரே பகுதியில் இரண்டு பல கட்டப் பந்தயங்களைத் தாங்குவது கடினம் என்பதால், எவுஸ்கால் பிசிக்லெத்தா என்ற அண்டைப் பந்தயம் 2008-ஓடு முடிந்தது. இரண்டின் அமைப்பாளர்களும் ஒன்று சேர்ந்தார்கள். வட்டாரப் பந்தயங்கள் பலவற்றின் கதை இதுதான். பின்னால் வரும் முடிவுகளைப் புரிந்துகொள்ள இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. டூர் டி பிரான்சுக்கு இருக்கும் வாகனங்களும் ஆட்களும் ஒரு வட்டாரப் பந்தயத்துக்கு இருக்காது. ஆனால் ஓட்டுபவர்கள் அதே வீரர்கள், அதே வேகம்.

அப்புறம் சாலைகள். பாஸ்க் நாட்டில் நீண்ட மலைத்தொடர் ஏற்றங்கள் குறைவு. குறுகலான, செங்குத்தான ஏற்றங்கள் அதிகம். ஏறிய உடனே இறக்கம், இறங்கிய உடனே அடுத்த ஏற்றம். கிராமங்களை இணைக்கும் இந்தச் சாலைகளில் தட்டையான இடத்தைத் தேட வேண்டும். மழை அதிகம் பெய்யும் பகுதி என்பதால் ஓரத்தில் நீர் வடிய ஆழமான கான்கிரீட் வாய்க்கால்கள் இருக்கும். ஏப்ரல் முதல் வாரத்தில் நடக்கும் இந்தப் பந்தயத்துக்கு டூர் டி பிரான்சைக் குறிவைப்பவர்கள் வருவதும் இந்தச் சாலைகளுக்காகத்தான். ஒளிந்துகொள்ள இடமில்லாத பந்தயம் இது, யார் உண்மையில் உடல் தகுதியோடு இருக்கிறார்கள் என்று ஆறே நாளில் தெரிந்துவிடும்.

முன் நிகழ்வு: பில்பாவ், 2015

ஒலாயெட்டாவைப் பேசும் முன் இதே பந்தயத்தின் இன்னொரு விபத்தைப் பார்க்க வேண்டும். 2015 ஏப்ரல் 6 அன்று முதல் கட்டம் பில்பாவில் முடிந்தது. கடைசி சில நூறு மீட்டரில், கூட்டமாக முடிவுக்கோட்டை நோக்கிப் பாய்ந்த வீரர்களின் பாதையில், சாலை ஓரம் இரும்புக் கம்பங்கள் நின்றன. வாகனம் நிறுத்தாமல் தடுக்க நகராட்சிகள் நடும் இடுப்பளவு உயரக் கம்பங்கள். அமைப்பாளர்கள் அவற்றை அகற்றவில்லை, உச்சியில் ஆரஞ்சு நிறக் கூம்பைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அவ்வளவுதான் எச்சரிக்கை.

கூட்டத்தின் நடுவில் வருபவருக்கு முன் சக்கரமும் முன்னால் இருப்பவரின் முதுகும் மட்டுமே தெரியும். முன்னால் இருப்பவர் கடைசி நொடியில் விலகினால் பின்னால் இருப்பவர் நேராகப் போய் மோதுவார். அப்படித்தான் நடந்தது. ஓர் அமெரிக்க வீரருக்குக் கீழ்க்கால் எலும்பும் முழங்கால் சிப்பியும் உடைந்தன, விலா எலும்புகளும் முறிந்தன. வேறு சிலருக்கும் எலும்பு முறிவு. மறுநாள் தொடக்கத்தில் வீரர்கள் தங்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். சர்வதேசச் சங்கமும் அமைப்பாளர்களைக் கண்டித்தது.

அந்த விபத்தில் பிழை எது என்று கேட்க வேண்டியதே இல்லை. கம்பம் அங்கே இருந்திருக்கக் கூடாது. கழற்ற முடியாவிட்டால் அதன் முன்னால் மெத்தை கட்டி, கொடியோடு ஓர் ஆளை நிறுத்தி, விசில் ஊதச் சொல்லியிருக்க வேண்டும். காரணம் கண்ணுக்குத் தெரிந்ததால் பாடமும் எளிதாக இருந்தது. முடிவுக்கோட்டுக்கு முந்தைய சில கிலோமீட்டரை அங்குலம் அங்குலமாகப் பார்க்கும் வழக்கம் தொழில்முறைப் பந்தயங்களில் வலுப்பட்டதற்கு பில்பாவ் போன்ற நிகழ்வுகள் காரணம். 2024-இல் நடந்தது அப்படி எளிதாகக் காரணம் சொல்லக்கூடியதாக இல்லை.

நான்காம் கட்டத்துக்கு முன் இருந்த நிலைமை

2024 பந்தயம் இருனில் ஒரு குறுகிய தனிநபர் நேரப் போட்டியோடு (ஒவ்வொருவராகத் தனியே ஓட்டி நேரத்தைக் கணக்கிடுவது) தொடங்கியது. அதில் வென்ற ஸ்லோவேனிய வீரர், மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவருக்குரிய மஞ்சள் ஜெர்சியை அணிந்தார். ஸ்பெயினின் வுவெல்தா பந்தயத்தை மூன்று முறையும் இத்தாலியின் ஜீரோ பந்தயத்தை ஒருமுறையும் வென்றவர் அவர். கூடவே முந்தைய இரண்டு டூர் டி பிரான்சையும் வென்ற டென்மார்க் வீரர், நேரப் போட்டியில் அப்போதைய உலகச் சாம்பியனான பெல்ஜிய வீரர். மூவரும் சில வினாடி இடைவெளியில் இருந்தார்கள். மூன்று கட்டங்கள் முடிந்தும் பெரிய இடைவெளி உருவாகவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இடைவெளி குறைவாக இருக்கும்போது ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன்னால் முதல் இருபது இடங்களுக்குப் போட்டி வரும். இறக்கத்தில் யாரையும் தாக்கும் எண்ணம் இல்லாதவர்கூட முன்னால் இருக்கவே விரும்புவார். பின்னால் இருந்தால் விபத்தில் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் அவருக்கு. எல்லோரும் அந்தப் பயத்தோடு முன்னால் வரும்போது முன்பகுதியே நெரிசலாகிவிடும். அன்று விழுந்தவர்களில் அணித்தலைவர்கள் அத்தனை பேர் இருந்தது தற்செயல் இல்லை.

விபத்துக்கு எட்டு நாள் முன்னால்தான், மார்ச் 27 அன்று, பெல்ஜியத்தில் ஒரு நாள் பந்தயம் ஒன்றில் வேறொரு முன்னணி வீரர் அதிவேக விபத்தில் காலர் எலும்பும் விலா எலும்புகளும் உடைந்து வீழ்ந்திருந்தார். இட்சுலியா நடந்துகொண்டிருந்த அதே வாரத்தில், பாரிஸ்–ரூபே பந்தயத்தின் அமைப்பாளர்கள், வீரர்கள் சங்கத்தின் கோரிக்கையை ஏற்று, அரன்பெர்க் கற்சாலைக்குள் நுழையும் வேகத்தைக் குறைக்க ஒரு வளைசல் தடுப்பை வைக்க முடிவு செய்திருந்தார்கள். பாதுகாப்பைப் பற்றிய பேச்சு ஏற்கெனவே சூடாக இருந்த நேரம் அது.

கவனிக்கப்பட்டவை

நான்காம் கட்டம் நவார்ராவின் எட்சாரி அரனாட்ஸிலிருந்து ஆலாவாவின் லெகுட்டியோவுக்கு, 157.5 கிலோமீட்டர். ஆறு பேர் கொண்ட ஒரு முன்குழு பிரிந்து போயிருந்தது. பெலோட்டான், அதாவது வீரர்களின் முதன்மைக் கூட்டம், பின்னால் துரத்திக்கொண்டிருந்தது.

இறக்கத்தில் அந்த வலது வளைவு, காகிதத்தில் பார்த்தால் பயங்கரமான வளைவு இல்லை. கொண்டை ஊசி வளைவாக இருந்தால் எல்லோரும் முன்கூட்டியே பிரேக் பிடித்திருப்பார்கள். வேகத்தைப் பெரிதாகக் குறைக்காமலே திரும்பிவிடலாம் என்று தோன்றும் வளைவு இது. அனுபவமுள்ளவர்கள் அதிகம் அஞ்சுவதும் இப்படிப்பட்ட வளைவுக்குத்தான். அந்த இடத்தில் தார்ப்பரப்பு சீராக இல்லை, அடியில் போன மர வேர்கள் மேலே தள்ளி மேடு உண்டாக்கியிருந்தன என்று பிறகு பந்தய வட்டாரத்தில் சொல்லப்பட்டது. சாய்ந்து திரும்பும் சைக்கிளுக்குச் சின்ன மேடு போதும். டயர் ஒரு கணம் தரையை விட்டு எழுந்தால் பிடிமானம் போய்விடும்.

முன்னால் சிலர் வழுக்கினார்கள். அடுத்து வந்தவர்கள் திரும்ப முடியாமல் நேராகப் போனார்கள். நேராகப் போனால் சாலையின் இடப்பக்க ஓரத்தில் கான்கிரீட் வாய்க்கால், அதைத் தாண்டிப் பாறைகள், மரங்கள். பெல்ஜிய வீரர் வாய்க்காலைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்தார், எழுந்து தோளைப் பிடித்துக்கொண்டார். டென்மார்க் வீரர் கான்கிரீட் பக்கத்தில் அசையாமல் கிடந்தார். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. கழுத்துக்குப் பட்டை கட்டி, முகத்தில் ஆக்சிஜன் முகமூடி வைத்து, தூக்குப் படுக்கையில் அவரை ஆம்புலன்சுக்குக் கொண்டு போனார்கள். மஞ்சள் ஜெர்சிக்காரர் சாலையோரம் உட்கார்ந்திருந்தார், பிறகு தன் அணியின் காரில் ஏறிப் பந்தயத்தை விட்டு வெளியேறினார். ஆஸ்திரேலிய வீரர் ஒருவரும் இன்னொரு பெல்ஜிய வீரரும் வெளியில் தெரிந்ததைவிட மோசமான காயங்களோடு இருந்தார்கள்.

காயங்கள் மருத்துவமனையில் முழுதாகத் தெரிந்தன. டென்மார்க் வீரருக்குக் காலர் எலும்பு முறிவு, பல விலா எலும்புகள் முறிவு, நுரையீரலில் அடியும் காற்றுக் கசிவும். நேரப் போட்டிச் சாம்பியனுக்குக் காலர் எலும்பும் தோள்பட்டை எலும்பும் உடைந்திருந்தன. ஆஸ்திரேலியருக்குக் கழுத்திலும் முதுகிலும் முள்ளெலும்புகள் முறிந்திருந்தன. இன்னொரு பெல்ஜியருக்கு நுரையீரல் பாதிப்பு, விலா எலும்பு, முள்ளெலும்பு முறிவு. மஞ்சள் ஜெர்சிக்காரருக்கு மட்டும் எலும்பு எதுவும் உடையவில்லை, சிராய்ப்புகளோடு தப்பினார்.

எடுக்கப்பட்ட முடிவுகள், காரணங்கள்

முதல் முடிவு, பந்தயத்தை நிறுத்துவது. இது சந்தேகத்துக்கு இடமில்லாதது. பந்தயத்தோடு வரும் ஆம்புலன்சுகளும் மருத்துவர்களும் விபத்து இடத்தில் இருந்தார்கள், அங்கிருந்து மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. அவர்கள் இல்லாமல் பெலோட்டானை மீதிச் சாலையில் ஓடவிட்டால் அடுத்து விழுபவருக்கு உதவ யாரும் இல்லை. இதற்கு முன்மாதிரி உண்டு. 2015 டூர் டி பிரான்சின் மூன்றாம் கட்டத்தில், ஹுயி நோக்கிப் போகும் வழியில், அடுத்தடுத்த விபத்துகளில் மருத்துவர்கள் அத்தனை பேரும் மாட்டிக்கொண்டதால் இயக்குநர் பந்தயத்தை நிறுத்தினார். 2023 டூரின் பதினான்காம் கட்டத்திலும் தொடக்கத்திலேயே நடந்த விபத்துக்குப் பிறகு ஆம்புலன்சுகள் திரும்பும் வரை அரைமணி நேரம் போல் காத்திருந்தார்கள். ஆனால் அந்த இரண்டு முறையும் பந்தயம் மீண்டும் முழுதாகத் தொடங்கியது. இட்சுலியாவில் அது நடக்கவில்லை.

இரண்டாம் முடிவு, பெலோட்டானைப் போட்டியில்லாமல் ஓட்டிக்கொண்டு போய் முடிவுக்கோட்டைக் கடக்க விடுவது, ஒட்டுமொத்தத் தரவரிசைக்கு அன்றைய நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவது. ஓட்டியவர்களின் மனநிலையை நினைத்தால் இதுவும் சரியான முடிவே. தங்கள் அணித்தலைவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாத நிலையில் சிலர் இருந்தார்கள். அவர்களை 30 கிலோமீட்டர் போட்டியாக ஓடச் சொல்வது மனிதத்தன்மை இல்லை.

மூன்றாவதுதான் சர்ச்சைக்குரிய முடிவு. முன்னால் பிரிந்து போயிருந்த ஆறு பேருக்கு மட்டும் கட்ட வெற்றிக்காகப் போட்டியிட அனுமதி தந்தார்கள். தென்னாப்பிரிக்க வீரர் ஒருவர் வென்றார்.

இதை எதிர்த்தவர்களின் வாதம் நேரடியானது. பலர் மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது வெற்றிக்கொண்டாட்டம் எதற்கு? பெலோட்டானுக்குப் போதாத மருத்துவ உதவி ஆறு பேருக்கு மட்டும் எப்படிப் போதும்? அமைப்பாளர் பக்கத்தில் நின்று பார்த்தால் பதில் இல்லாமல் இல்லை. அந்த ஆறு பேரும் விபத்தில் சிக்கவில்லை, அதற்கு முன்பே தங்கள் முயற்சியால் முன்னால் போயிருந்தார்கள். ஆறு பேர் இறங்கும் சாலையும் நூற்றைம்பது பேர் நெருக்கியடித்து இறங்கும் சாலையும் ஆபத்தில் ஒன்றல்ல. தரவரிசையை அது பாதிக்கவும் இல்லை. சர்வதேசச் சங்கத்தின் விதிகளும் விபத்து நேரத்தில் பந்தய இயக்குநருக்கும் நடுவர் குழுவுக்கும் நிறைய இடம் தருகின்றன: பாதையை மாற்றலாம், தற்காலிகமாக நிறுத்தலாம், கட்டத்தையே ரத்து செய்யலாம், ஒரு பகுதியை மட்டும் ரத்து செய்யலாம், நிறுத்திய இடத்து இடைவெளிகளோடு மறுபடி தொடங்கலாம். அவர்கள் செய்தது விதிக்கு உட்பட்டதே.

என் கருத்து இது. வெற்றியை வழங்கியதில் தவறில்லை. ஆனால் எந்த அடிப்படையில் வழங்குகிறோம் என்பதை அந்த இடத்திலேயே, எல்லா அணிக் கார்களுக்கும், பார்ப்பவர்களுக்கும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். நடுவில் இருந்த நிமிடங்களில் என்ன நடக்கப்போகிறது என்று பார்வையாளர்களுக்குப் புரியவில்லை. விளக்கம் தாமதமாக வந்த முடிவு, சரியானதாக இருந்தாலும், அவசரத்தில் போட்ட கணக்குபோலவே வெளியில் தெரியும்.

பின் நடந்தவை

மஞ்சள் ஜெர்சி இன்னொரு டென்மார்க் வீரருக்குப் போனது. பந்தயம் தொடர்ந்தது. கடைசிக் கட்டம் எய்பாரைச் சுற்றி நடந்தது. அதில் இளம் ஸ்பானிய வீரர் ஒருவர் சில வினாடி இடைவெளியை மாற்றி ஒட்டுமொத்த வெற்றியைப் பெற்றார். அந்த வெற்றிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு அடைப்புக்குறி போட்டே பேசுகிறார்கள். இது அவருக்குச் செய்யும் அநியாயம். விழாமல் ஆறு நாளும் ஓட்டி முடிப்பதும் பல கட்டப் பந்தயத்தின் ஒரு பகுதி.

விபத்தில் காயம்பட்ட டென்மார்க் வீரர் விட்டோரியா-கஸ்தெய்ஸ் மருத்துவமனையில் 12 நாள் இருந்து ஏப்ரல் 16 அன்று வெளியே வந்தார். சாகப்போகிறோம் என்று நினைத்ததாகப் பின்னாளில் சொன்னார். ஜூன் 29 அன்று ஃபுளோரன்சில் தொடங்கிய டூர் டி பிரான்சில் கலந்துகொண்டு, ஒரு கட்டத்தை வென்று, இரண்டாம் இடம் பிடித்தார். நேரப் போட்டிச் சாம்பியனான பெல்ஜிய வீரர் அதே டூரில் மூன்றாம் இடம், அடுத்து வந்த பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம். ஸ்லோவேனியர் அந்த ஆண்டின் வுவெல்தாவை வென்றார். முள்ளெலும்பு முறிந்த ஆஸ்திரேலியர் அதே வுவெல்தாவில் மலை வீரர் பட்டம் பெற்றார்.

இந்த மீட்சிகளைப் பற்றி எழுதியவர்கள் மிகுதி. அவை வியப்பானவைதான். ஆனால் எல்லோரும் நன்றாகத் திரும்பி வந்துவிட்டார்கள் என்பதே விபத்தைச் சிறியதாக்கிவிடும் அபாயம் உண்டு. சில சென்டிமீட்டர் தள்ளித் தலை கான்கிரீட்டில் பட்டிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும். 2023 ஜூனில் டூர் டி சுவிஸ்ஸில் ஆல்புலா கணவாய் இறக்கத்தில் சாலையை விட்டு விலகிய 26 வயது சுவிஸ் வீரர் மறுநாள் இறந்தார். ஒலாயெட்டா விபத்தின்போது அதற்கு ஓராண்டு கூட ஆகியிருக்கவில்லை.

அமைப்பு ரீதியாகச் சில மாற்றங்கள் வந்தன. சர்வதேசச் சங்கம், அணிகள், வீரர்கள், அமைப்பாளர்கள் சேர்ந்து 2023-இல் உருவாக்கிய சேஃபர் என்ற பாதுகாப்பு அமைப்பு, 2024-இல் வேகமாக நகர்ந்தது. ஆபத்தான நடத்தைக்கு மஞ்சள் அட்டை காட்டும் முறை 2024 ஆகஸ்ட் 1 முதல் சோதனையாகவும் 2025 முதல் முழுமையாகவும் வந்தது. கூட்டமாக முடியும் கட்டங்களில் கடைசி 3 கிலோமீட்டர் நேரப் பாதுகாப்பை (அதற்குள் விழுந்தவருக்கும் கூடவந்த குழுவின் நேரமே கிடைக்கும்) 5 கிலோமீட்டர் வரை நீட்டிக்க வழி செய்தார்கள். நல்லவைதான். ஆனால் இவை இரண்டும் ஒலாயெட்டாவில் எதையும் மாற்றியிருக்காது. அங்கே யாரும் விதியை மீறவில்லை, முடிவுக்கோடும் பக்கத்தில் இல்லை.

இரண்டு ஒப்பீடுகள்

இரண்டு மாதம் கழித்து, 2024 ஜூன் 6 அன்று, பிரான்சின் வட்டாரப் பந்தயமான கிரித்தேரியம் து தோஃபினேயின் ஐந்தாம் கட்டத்தில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் இருக்கும்போது நனைந்த இறக்கத்தில் டஜன்கணக்கானோர் விழுந்தார்கள். ஏப்ரலில் விழுந்த நேரப் போட்டிச் சாம்பியனான பெல்ஜியரும் ஸ்லோவேனியரும் அதில் மறுபடி விழுந்தார்கள். அங்கேயும் ஆம்புலன்சுகள் போதவில்லை. அங்கே நடுவர்கள் கட்டத்தையே ரத்து செய்தார்கள். வென்றவர் என்று யாரும் இல்லை.

2025 மே மாதம் ஜீரோ டி இத்தாலியாவின் ஆறாம் கட்டத்தில், நேப்பிள்ஸுக்குப் போகும் வழியில், இன்னும் 70 கிலோமீட்டர் போல் இருக்கும்போது நனைந்த சாலையில் பெரிய விபத்து. நிறுத்தினார்கள். பிறகு கட்ட வெற்றிக்கு மட்டும் போட்டி, தரவரிசை நேரமோ புள்ளிகளோ கிடையாது என்று அறிவித்து மறுபடி தொடங்கினார்கள்.

மூன்று பந்தயம், ஒரே வகைக் காரணம், மூன்று வெவ்வேறு முடிவுகள். ஒவ்வொன்றுக்கும் அதற்கான நியாயம் இருக்கிறது: தோஃபினேயில் தூரம் குறைவு, விழுந்தவர்கள் மிக அதிகம். ஜீரோவில் மருத்துவ உதவி திரும்பி வர நேரம் இருந்தது. இட்சுலியாவில் முன்குழு ஏற்கெனவே பிரிந்து போயிருந்தது. ஆனால் சைக்கிள் மேல் உட்கார்ந்திருப்பவருக்கு எந்த நாளில் எது நடக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆம்புலன்ஸ் சைரன் கேட்டதும் தொடர்ந்து மிதிப்பதா, நிற்பதா என்ற குழப்பமே அடுத்த விபத்தாக முடியலாம்.

எதை மாற்றலாம்

முடிவெடுக்கும் முறையிலிருந்து தொடங்கலாம். மருத்துவ உதவி முழுதும் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வோம் என்பதை ஒவ்வொரு பந்தயமும் தன் வழிகாட்டிப் புத்தகத்தில் முன்பே எழுதி வைக்கலாம். இத்தனை கிலோமீட்டருக்குள் என்றால் ரத்து, அதற்கு மேல் என்றால் காத்திருப்பு, முன்குழு பிரிந்திருந்தால் இப்படி. இதனால் இயக்குநரின் அதிகாரம் குறையாது. அவர் மேல் விழும் சுமைதான் குறையும். காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டே பரிசைப் பற்றி யோசிக்க வேண்டிய நிலை யாருக்கும் வரக் கூடாது.

பெரிய வேலை சாலையைப் பார்ப்பதில் இருக்கிறது. பில்பாவுக்குப் பிறகு அமைப்பாளர்கள் சாலையில் இருக்கும் தடைகளைத் தேடப் பழகினார்கள்: கம்பம், தடுப்பு, குறுகல், வேகத்தடை. ஒலாயெட்டாவின் ஆபத்து சாலைக்கு வெளியே இருந்தது. ஆகவே இறக்கங்களை ஆய்வு செய்யும்போது கேள்வியை மாற்ற வேண்டும். இந்த வளைவில் ஒருவர் திரும்பத் தவறினால் அவர் எங்கே போய் நிற்பார்? புல்வெளியில் என்றால் சரி. கான்கிரீட் வாய்க்காலிலும் பாறையிலும் என்றால் அங்கே வைக்கோல் கட்டோ மெத்தையோ, குறைந்தபட்சம் கொடியோடு ஓர் ஆளோ வேண்டும். பனிச்சறுக்குப் போட்டிகள் இதைப் பல காலமாகச் செய்கின்றன. விளிம்பைத் தாண்டி விழுபவரைப் பிடிக்க அங்கே வலை இருக்கிறது.

150 கிலோமீட்டர் சாலை முழுக்க இதைச் செய்ய முடியாது என்பது உண்மை. ஒரு வட்டாரப் பந்தயத்தின் பணத்துக்கும் ஆள்பலத்துக்கும் அது கட்டுப்படியாகாது. ஆனால் ஒரு கட்டத்தில் அதிவேக இறக்கங்கள் சிலவே இருக்கும். அவற்றில் வெளியேறினால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லக்கூடிய வளைவுகள் இன்னும் குறைவு. அந்த வளைவுகளை நன்றாக அறிந்தவர்கள் அந்த ஊரில் தினமும் ஓட்டுபவர்கள். பாஸ்க் நாட்டில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை, ஊருக்கு ஒரு சைக்கிள் சங்கம் இருக்கும் இடம் அது. எந்த வளைவில் வேர் தூக்கியிருக்கிறது, எங்கே காலையில் ஈரம் காய்வதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். பந்தயத்துக்குச் சில வாரம் முன்பு அவர்களோடு இறக்கங்களை ஓட்டிப் பார்ப்பதற்குப் பெரிய செலவு ஆகாது.

அணிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. இறக்கத்துக்கு முன் எல்லா அணிக் காரிலிருந்தும் வீரர்களின் காதில் ஒரே கட்டளை வருகிறது: முன்னால் போ. ஆபத்தான வளைவின் இடத்தையும் வகையையும் நடுவர் வானொலி எல்லா அணிக்கும் ஒரே நேரத்தில் சொன்னால், முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் ஒரே தகவல் இருக்கும். இதனால் நெரிசல் முழுதும் போய்விடாது. ஆனால் அந்த மேட்டைப் பற்றித் தெரிந்தவர் வேகம் குறைத்து, தெரியாதவர் குறைக்காமல் வரும் நிலைமை இருக்காது.